வேனுக்கு வீட்டு வாசலில் கரண்ட்: 16 ஆம்பியர் போதுமா, 32 வேண்டுமா?

கரூரில் பாடி கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் வைத்து வேன் வந்துவிட்டது. வால்பாறை, ஊட்டி என்று சுற்றப்போவது வருடத்தில் சில வாரம்தான். மீதி நாளெல்லாம் அது வாசலில் நிற்கும். நிற்கிற வண்டிக்கு பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும், புறப்படும் முந்தின நாள் பிரிட்ஜ் குளிர்ந்திருக்க வேண்டும், வீட்டில் விசேஷம் என்றால் நாலு பேர் உள்ளேயே ஏசி போட்டுப் படுக்க வேண்டும். இதற்கு வீட்டிலிருந்து கரண்ட் எடுக்க மூன்று வழி உண்டு: இருக்கிற பவர் பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதையே 32 ஆம்பியரில்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "கேரவனுக்கு 30 ஆம்பியர் வேணும்ங்க, வீடியோவுல பார்த்தேன்" என்று வருகிறவர்கள் நிறைய. அந்த வீடியோக்கள் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே அந்த 30 ஆம்பியர் பிளக்கில் வருவது 120 வோல்ட். 30 × 120 = 3,600 வாட். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்; 16 × 230 = 3,680 வாட். அவர்கள் 30 ஆம்பியரில் எடுப்பதை நாம் 16 ஆம்பியரிலேயே எடுத்துவிடுகிறோம். ஐரோப்பாவில் கேரவன் நிறுத்தும் இடங்களிலும் 16 ஆம்பியர் நீல சாக்கெட்தான் வழக்கம். அமெரிக்க 50 ஆம்பியர் பிளக் 12,000 வாட் வரை தருவது. அது இரண்டு மூன்று ஏசி உள்ள பஸ் அளவு வண்டிக்கு. அந்த ஊர் பிளக்கை ஆன்லைனில் வாங்கி நம் 230 வோல்ட்டில் மாட்டுவது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

லோடு. வண்டிக்குள் ஒரே நேரத்தில் ஓடுவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. உள்ளே இருக்கும் சாமான்களின் மொத்தம் அல்ல. ஒரு டன் ஏசி ஏறக்குறைய 1,200 வாட். 12 வோல்ட் 60 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் முழு வேகத்தில் ஏறக்குறைய 960 வாட். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3,000 வாட், அதாவது அது ஒன்றே 13 ஆம்பியர். ஏசியும் சார்ஜரும் சேர்ந்தால் 2,160 வாட். 16 ஆம்பியருக்குள் சொகுசாக அடங்கும். அதோடு அடுப்பையும் போட்டால் 4,160 வாட், 18 ஆம்பியர். எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழாது. தன் அளவுக்கு 1.13 மடங்கு வரை அது ஒரு மணி நேரம் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. விழவில்லை என்பதற்காக அதை நம்பிச் சமைக்கக் கூடாது. சூடு ஏறுவது பிளக்கில்.

தூரம். டிபியிலிருந்து (எம்சிபிகள் இருக்கும் வீட்டுப் பெட்டி) வண்டி நிற்கும் இடம் வரை எத்தனை மீட்டர்? தோட்டத்து வீடுகளில் மீட்டர் பெட்டி ஒரு மூலையிலும் வண்டி களத்திலும் நிற்கும். 1.5 சதுர மி.மீ. வயரில் 25 மீட்டருக்கு 16 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 10.6 வோல்ட் போய்விடும். போகிற அந்த வோல்ட் 170 வாட் சூடாக மாறுகிறது. வயரை விரித்துப் போட்டிருந்தால் காற்றில் ஆறும். டிரம்மில் சுற்றியபடியே விட்டால் உள்சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

எர்த். கொங்கு நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். காங்கயம், தாராபுரம், கரூர் பக்கமெல்லாம் இரண்டு அடி தோண்டினால் சரளையும் பாறையும். மழை குறைவு. மார்கழியில் நன்றாக இருந்த எர்த் சித்திரையில் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட பழைய குழியில் ஜிஐ பைப்பை உப்பே தின்றிருக்கும்.

எர்த் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்குள் பேஸ் வயர் உரிந்து வண்டி பாடியைத் தொடுகிறது. எர்த் வழியாகப் போகக்கூடிய கரண்ட் 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு, என்றைக்கும் விழாது. வேன் நிற்பது ரப்பர் டயரில், அதனால் கரண்ட் தரைக்கு இறங்க வேறு வழியில்லை. பாடி முழுக்க கரண்டோடு வண்டி காத்திருக்கும். ஈர வாசலில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவர்தான் அந்த வழி. எர்த் 5 ஓம் ஆக நன்றாக இருந்தாலும் 46 ஆம்பியர்தான் போகும். சி வகை (மோட்டார் கிளம்பும்போது வரும் இழுப்பைத் தாங்கும் வகை) 16 ஆம்பியர் எம்சிபி நொடிக்குள் விழ 80 முதல் 160 ஆம்பியர் தேவை.

இதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (லோடு மிஞ்சினாலும் கரண்ட் கசிந்தாலும் விழும் சுவிட்ச்) இருந்தால் எர்த் 200 ஓம் ஆகக் காய்ந்திருந்தாலும் பாடியில் 6 வோல்ட் ஏறுவதற்குள் கரண்ட் நின்றுவிடும். எந்த வழியை எடுத்தாலும் இதை மட்டும் விடக் கூடாது. ஆனால் எர்த்தே இல்லாமல் ஆர்சிபிஓ மட்டும் வைத்தால், ஒருவர் தொட்டு ஷாக் வாங்கிய பிறகுதான் அது விழும். இரண்டும் வேண்டும்.

எவ்வளவு நேரம் மாட்டியிருக்கும். மாதம் ஒரு முறை மூன்று மணி நேரம் சார்ஜ் போடுவதும், இரவு முழுக்க ஏசி ஓடுவதும் ஒன்றல்ல. நல்ல பிளக்கும் மோசமான பிளக்கும் முதல் அரை மணியில் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டு மணி நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

எந்த சர்வீஸ். தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கத்திலேயே இருக்கிறது, அதிலிருந்து ஒரு வயர் எடுத்துவிடலாம் என்ற யோசனை நிறையப் பேருக்கு வரும். விவசாய இணைப்பு இலவசம், கிணற்று மோட்டாருக்குத்தான். வேனுக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் வரும், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். வீட்டு சர்வீஸிலிருந்து மட்டும் எடுங்கள்.

## வழி 1: இருக்கிற பவர் பிளக், எக்ஸ்டென்ஷன்

செலவே இல்லாத மாதிரி தெரியும். போர்டிகோவில் ஏற்கெனவே ஒரு 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறது. நல்ல வயர் ஒன்று வாங்கினால் போதும்.

சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. அந்த பிளக்குக்கு வரும் வயர் எது? புது வீடு என்றால் 2.5 சதுர மி.மீ. இருக்கலாம். முப்பது வருடத்து வீட்டில் எலக்ட்ரீசியன் "த்ரீ ட்வென்டி" என்பார். அது ஏறக்குறைய 2 சதுர மி.மீ. ("செவன் ட்வென்டி" என்றால் ஏறக்குறைய 4.5.) அதே லைனில் பாத்ரூம் கீசரும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஓடி எம்சிபி விழுந்தால், ஒருவர் வந்து 32 ஆம்பியர் எம்சிபி மாற்றிவிட்டுப் போவார். அதன் பிறகு எம்சிபி விழாது, வயர்தான் வேகும்.

இன்னொன்று அந்த மூன்று முனை பிளக்கே. 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், பல வருடம் மாட்டிக் கழற்றிய சாக்கெட்டில் உள்ளே உள்ள பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு, கடைசியில் கறுப்பு. பிளக் முனையில் பழுப்பு நிறமோ மீன் வாடை மாதிரி ஒரு நாற்றமோ வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்டும் கன்வெர்ட்டரும் ஆறு ஆம்பியர் ஸ்பைக் பாக்ஸும் இந்த வேலைக்கு வரவே கூடாது.

இந்த வழி சரியாக வரும் இடம்: வண்டியில் ஏசி இல்லை, சார்ஜரும் லைட்டும் மட்டும், லோடு 1,000 வாட்டுக்குள், அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு உண்டு, பிளக்கின் எர்த்தை அளந்து பார்த்தாகிவிட்டது. வயர் 3 கோர் 2.5 சதுர மி.மீ. ரப்பர் கேபிளாக, 10 மீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் இதுதான் வழி.

## வழி 2: தனி லைன், 16 ஆம்பியர் நீல சாக்கெட்

பனியன் கம்பெனியிலோ விசைத்தறிக் கூடத்திலோ பார்த்திருப்பீர்கள்: வட்டமாக, மூடியோடு, நீல நிறத்தில் மூன்று முனை சாக்கெட். நீலம் 230 வோல்ட் ஒற்றை பேஸ். சிவப்பு மூன்று பேஸ். எர்த் முனை மற்ற இரண்டைவிடத் தடிமன், அதனால் திருப்பி மாட்ட முடியாது. முனைகள் இறுக்கிப் பிடிக்கும், மூடி கொக்கி போட்டு நிற்கும். மழை படும் வெளிச்சுவருக்கு ஐபி44 (தூசும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவு; எண் கூடினால் காப்பும் கூடும்) குறைந்தபட்சம். சாரல் நேராக அடிக்கும் இடமென்றால் ஐபி67.

என் கணக்கில், ஒரு ஏசி உள்ள எந்த வேனுக்கும் இதற்கு மேல் தேவையில்லை. கீசரும் ஏசியும் ஒரே நேரத்தில் போடாத ஒழுக்கம் மட்டும் வேண்டும். வண்டியில் நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜர் இருந்தால் வெளியிலிருந்து எடுக்கும் கரண்டுக்கு வரம்பு வைக்கலாம். 14 ஆம்பியர் என்று வைத்துவிட்டால் அடுப்பு போடும்போது சார்ஜர் தானாக அடங்கிக்கொள்ளும்.

20 மீட்டர் தூரத்துக்கு வேண்டியவை:

- டிபியில் 25 ஆம்பியர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும்) எம்சிபி
- 4 சதுர மி.மீ. காப்பர் வயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும், கான்ட்யூட்டுக்குள். 2.5-லும் ஓடும், ஆனால் 16 ஆம்பியரில் 4.7 வோல்ட் போகும். 4-ல் 3 வோல்ட்தான். நீண்ட நேர லோடுக்கு 4 போடுவது நிம்மதி
- சாக்கெட் பக்கத்திலேயே ஐபி65 பெட்டியில் 16 ஆம்பியர், சி வகை, டபுள் போல், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ. சார்ஜர் மாதிரி எலக்ட்ரானிக் லோடு இருப்பதால் 'டைப் ஏ' கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது 'டைப் ஏசி' (இது வகையின் பெயர், குளிர்சாதன ஏசி அல்ல)
- நீல சாக்கெட், தரையிலிருந்து அரை மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் நடுவில்
- வண்டிக்கு 3 கோர் 2.5 சதுர மி.மீ. ரப்பர் கேபிள், 25 மீட்டருக்கு மிகாமல்

வாசலைக் கடந்து மண்ணுக்கடியில் போக வேண்டுமென்றால் கான்ட்யூட் போதாது; ஆர்மர்டு கேபிள் (உலோகக் கவசம் உள்ளது), முக்கால் மீட்டர் ஆழம், கீழும் மேலும் மணல், அதன் மேல் செங்கல். வண்டி ஏறி இறங்கும் இடத்தில் ஜிஐ பைப்புக்குள் விடுங்கள். பெருச்சாளிக்கும் அதுதான் மருந்து.

எர்த் விஷயத்தில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, பக்கத்தில் இருக்கிற போர் கேசிங் பைப்பில் எர்த்தைக் கட்டிவிடுவது. மோட்டார் என்றைக்காவது பாடி ஆனால், அதாவது கரண்ட் அதன் உடலுக்குக் கசிந்தால், வேனும் சேர்ந்து பாடி ஆகும். இப்போது நிறைய கேசிங் பிவிசி வேறு. இரண்டு, வேனுக்குத் தனியாக ஒரு ராடு அடித்துவிட்டு வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது. ஒரு கை வீட்டு கிரில்லிலும் ஒரு கை வேனிலும் இருக்கும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் உள்ள வோல்ட் உடம்பு வழியாகப் போகும். வீட்டு எர்த் வயர் கூடவே வரட்டும். சாக்கெட் பக்கத்தில் 3 மீட்டர் காப்பர் பூசிய ராடு ஒன்று கூடுதலாக அடித்து இரண்டையும் இணையுங்கள். பாறையில் ராடு இறங்காவிட்டால் அதை வளைத்துப் புதைப்பதற்குப் பதில் போர் போட்டு பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) கலவை நிரப்புவது நல்லது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மறக்கக் கூடாது.

மறைந்த செலவு: வயர், கான்ட்யூட், ராடு எல்லாம் கணக்கில் தெரியும். தெரியாதது பழைய வீட்டின் நியூட்ரல் குளறுபடி. வீட்டு இன்வெர்ட்டர் வைத்தபோது நியூட்ரல்களை ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். வேன் நியூட்ரலையும் அந்தக் கட்டில் சேர்த்தால் ஆர்சிபிஓ காரணமே இல்லாமல் விழும். "ஆர்சிபிஓ கம்ப்ளெயின்ட்டுங்க" என்று அதைக் கழற்றிவிடுவார்கள். கோளாறு அதில் இல்லை. வேனுக்குப் பேஸ் மட்டுமல்ல, நியூட்ரலும் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாக வர வேண்டும். வேன் லைனை வீட்டு இன்வெர்ட்டர் பக்கம் சேர்க்கவே கூடாது. வீட்டுக்கு மெயினிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவுக்கு மட்டும் விழும் சுவிட்ச்) இருந்தால் வேனில் சின்னக் கசிவு வந்தாலும் வீடு முழுக்க இருண்டுவிடும். அதைத் தவிர்க்க மெயினில் 100 மில்லி ஆம்பியர் தாமத வகையும், ஒவ்வொரு பகுதிக்கும் 30-ம் என்று பிரித்து வைக்கலாம்.

## வழி 3: 32 ஆம்பியர்

அதே நீல சாக்கெட், பெரிய அளவு. 7,360 வாட். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டி, அல்லது ஏசி ஓடும்போதே கீசரும் வேண்டும் என்கிற குடும்பம், அல்லது நாளைக்கு மின்சாரக் காருக்கு 7 கிலோவாட் சார்ஜர் அதே சுவரில் வைக்கப்போகிறவர்கள். இவர்களுக்கு இது சரி. கடைசி வகையினர் இப்போதே 10 சதுர மி.மீ. கேபிளைப் புதைத்துவிட்டு, நுனியில் 16 ஆம்பியர் ஆர்சிபிஓவும் சாக்கெட்டும் மட்டும் வைக்கலாம். வாசலை இரண்டாவது முறை தோண்ட வேண்டியிருக்காது.

வயர் 6 சதுர மி.மீ. என்றால் 20 மீட்டரில் 32 ஆம்பியருக்கு 3.9 வோல்ட் போகும், 10 என்றால் 2.3. மே மாத வெயிலில் மேற்குச் சுவரில் உள்ள பெட்டிக்குள் எம்சிபியும் வயரும் எழுதிய அளவு தாங்காது. 6-ஐக் கான்ட்யூட்டுக்குள் விட்டு முழு லோடு இழுக்க நான் துணியமாட்டேன். வண்டிக்குப் போகும் 6 சதுர மி.மீ. ரப்பர் கேபிளின் எடையையும் யோசியுங்கள். அதை வீட்டில் பெரியவர்கள் யாராலும் தினமும் சுருட்ட முடியாது.

பெரிய மறைமுகச் செலவு சர்வீஸ் பக்கம். 7 கிலோவாட் ஒரே பேஸில் ஏறுகிறது. வீட்டுக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்த லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒற்றை பேஸ் சர்வீஸ் என்றால் மூன்று பேஸுக்கு மாற வேண்டிவரும். மூன்று பேஸ் இருந்தால் வீட்டு லோடு குறைவாக உள்ள பேஸில் வேனைச் சேருங்கள். பேஸ் மாற்றும் சுவிட்ச் போட்டுள்ள வீடுகளில், ஒரு பேஸ் போன நாளில் வீட்டு லோடும் வேன் லோடும் ஒரே பேஸில் உட்கார்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து: 32 சாக்கெட்டில் 16 பிளக் வேனை மாட்ட ஒரு மாற்று வயர் செய்வது. 2.5 சதுர மி.மீ. கேபிளுக்குப் பின்னால் 32 ஆம்பியர் எம்சிபி நிற்கும். அப்படி வேண்டுமென்றால் அந்த மாற்று வயரிலேயே 16 ஆம்பியர் எம்சிபி பெட்டி இருக்க வேண்டும்.

சிவப்பு மூன்று பேஸ் சாக்கெட் பற்றியும் கேட்கிறார்கள். வேனுக்குள் மூன்று பேஸில் ஓடுவது எதுவும் இல்லை. வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பவர் பிளக் + எக்ஸ்டென்ஷன் | தனி 16 ஆம்பியர் | தனி 32 ஆம்பியர் |
|---|---|---|---|
| நம்பி எடுக்கக்கூடியது | 1,000 வாட் | 3,680 வாட் | 7,360 வாட் |
| இரவு முழுக்க ஏசி | கூடாது | ஒன்று | இரண்டு |
| 20 மீட்டருக்கு வயர் | சுவருக்குள் இருப்பதே | 4 ச.மி.மீ. | 10 ச.மி.மீ. |
| சர்வீஸ் லோடு | மாற்ற வேண்டாம் | பார்த்துக்கொள்ள வேண்டும் | பெரும்பாலும் கூட்ட வேண்டும் |
| முதலில் கெடுவது | சாக்கெட் பிடி | காய்ந்த எர்த் | சூட்டில் பெட்டி, திருகு |
| யாருக்கு | வாடகை வீடு, ஏசி இல்லாத வண்டி | பெரும்பாலோர் | இரண்டு ஏசி, மின்சாரக் கார் |

பில் விஷயம் மூன்றுக்கும் பொது. 12 வோல்ட் பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டாலே நாளுக்கு ஒரு யூனிட் வரை, இரண்டு மாத பில்லில் 60 யூனிட். இரவு எட்டு மணி நேர ஏசி நாளுக்கு ஆறு யூனிட்டைத் தொடும். வீட்டு பில் ஏற்கெனவே 500 யூனிட் ஓரத்தில் நிற்கிறதென்றால், அதைத் தாண்டும்போது கணக்குப் போடும் படிநிலையே மாறி, தாண்டிய யூனிட்டுக்கு மேல் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். பிரிட்ஜ் தேவைப்படாத வாரங்களில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

## வேலை முடிந்ததும்

உரிமம் உள்ள வயர்மேன் செய்த வேலையாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் நான்கு அளவு எடுக்கச் சொல்லுங்கள். சாக்கெட்டில் பேஸ்-நியூட்ரல் 230 வோல்ட் அளவில். பேஸ்-எர்த் ஏறக்குறைய அதே. நியூட்ரல்-எர்த், லோடு ஓடும்போது, இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்; இது 20, 30 என்று காட்டினால் எர்த் காய்ந்திருக்கிறது அல்லது நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. நியூட்ரல் அறுந்தால் மூன்று பேஸ் வீட்டில் 400 வோல்ட் வரை ஏறும், வேன் சார்ஜர் அன்றோடு சரி. நான்காவது, எர்த் டெஸ்டர் வைத்து எர்த் ரெசிஸ்டன்ஸ். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் நூறு வாட் பல்பு வைத்து "எரியுதுங்க, எர்த் நல்லாருக்கு" என்பது பழைய பழக்கம். எர்த் அறுந்திருந்தால் அந்தப் பல்பு வழியாகவே வீட்டு எர்த் வயர் முழுக்க கரண்ட் ஏறும். அதை அனுமதிக்க வேண்டாம்.

ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அது ஆர்சிபிஓவை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த்தை வருடத்துக்கு ஒரு முறை, சித்திரை வைகாசியில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும்.

கரண்ட் போன நேரத்தில் வேன் இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாமே என்று இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கழன்ற பக்கத்து முனையில் 230 வோல்ட் மூடாமல் தொங்கும். லைனில் ஏறியிருக்கும் வாரிய ஊழியருக்கும் அது போய்ச் சேரும்.

மாட்டும்போது: ஆர்சிபிஓ கீழே இருக்க வேண்டும். டிரம்மிலிருந்து கேபிளை முழுக்க இழுத்து, முதலில் வேன் பக்கம், பிறகு சுவர்ப் பக்கம், அதன் பிறகு ஆர்சிபிஓவை மேலே தூக்குங்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர். கோடை இடி கேட்டால் மழை வருவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், நனைந்த கையோடு அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.